55 ஆண்டும் ஒரு நாளும்

மூன்று முறை கஞ்சா விற்றவருக்கு 55 ஆண்டுச் சிறை! அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞருக்கு 2004-ம் ஆண்டு நவம்பரில் கிடைத்த தண்டனை இது. இசைத்தட்டு தயாரிப்பது அவர் தொழில். இரு சிறு குழந்தைகளின் தகப்பனார்.

போலீஸாரின் ஒற்றன் ஒருவனிடம் முறைக்கு 350 டாலர் வாங்கிக்கொண்டு அவர் கஞ்சா விற்றார். இருமுறை அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. பிறகு வீட்டைச் சோதித்தபோதும் துப்பாக்கிகள் அகப்பட்டன. யாரையும் அவர் சுடவில்லை. சுடுவேன் என்று மிரட்டவுமில்லை. ஆனால் சட்டம் கணக்குப் போட்டது. துப்பாக்கியுடன் போதைப்பொருள் விற்றால் முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு. ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று தொடங்கும். மத்திய சிறையில் பரோலும் கிடையாது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு என்று அரசு தரப்பு முதலில் பேரம் பேசியது. அவர் மறுத்து விசாரணை கேட்டார். கேட்டதற்கு விலை 40 ஆண்டு!

தீர்ப்பளித்த நீதிபதி பால் காசெல் குற்றவாளிகளிடம் இளகும் பேர்வழி அல்லர். அவரே இத்தண்டனை அநியாயம், கொடுமை, அறிவுக்குப் பொருந்தாதது என்று எழுதினார். அதே நாளில் அவர், ஒரு கிழவியை மரக்கட்டையால் அடித்துக் கொன்றவனுக்கு விதித்தது 22 ஆண்டுதான். ஏஞ்சலோஸின் மற்றக் குற்றங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கொடுத்தது ஒரே ஒரு நாள். நீதிபதியின் கைக்குள் இருந்தது அந்த ஒரு நாள் மட்டுமே. தண்டனையைக் குறைக்குமாறு ஜனாதிபதியையும் கேட்டுக்கொண்டார்.

அப்பீல் நடந்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல்கள் சிலரே கைதிக்கு ஆதரவாக மனுச் செய்தனர். பயன் இல்லை. 9 அவுன்சு கஞ்சாவுக்கு 40 ஆண்டு விதித்தது செல்லும் என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு குறுக்கே நின்றது. 2006-ல் அப்பீல் கோர்ட்டு தண்டனையை உறுதி செய்தது. அதே ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு வழக்கை ஏற்கவே மறுத்துவிட்டது. தண்டனை குற்றத்துக்குத் தக்கதா என்று நிறுத்துப் பார்க்க முடியாத அப்பீல், அப்பீல் என்ற பேருக்குத்தான் உரியது.

கடைசியில் கதவைத் திறந்தது அப்பீல் அல்ல. 2016-ல் அரசு தரப்பே இசைந்ததால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த ஏஞ்சலோஸ் வெளியே வந்தார். 2020 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இப்படி அரசு மனம் இரங்கியது ஒருவருக்கு. பேர் தெரியாத மற்றவர்களுக்கு யார் இரங்குவது?

2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. முன்பே ஒருமுறை இக்குற்றத்துக்குத் தண்டனை பெற்று, மீண்டும் அதைச் செய்பவருக்குத்தான் இனி அந்த 25 ஆண்டு. நல்ல திருத்தம். ஆனால் அதற்கு முன் தண்டிக்கப்பட்டு உள்ளே கிடப்பவர்களுக்கு அது தானாகப் பொருந்தாது. அவர்கள் தனித்தனியே மனுப் போட்டுக் கோர்ட்டுப் படி ஏறவேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் அத்திருத்தத்தை அவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.