ஆகாய மைல் யாருக்கு?

கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். விடியற்காலை நேரம்.

டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். காலடியில் கயிறு கட்டிய பெரிய பெட்டி. அதன்மேல் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. ஊர் கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை அடிவாரம்.

சிங்கப்பூரில் அவருக்குக் கட்டட வேலை. போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். இப்போது விடுமுறை முடிந்து திரும்பிப் போகிறார்.

"இதுவரை எத்தனை தடவை விமானம் ஏறியிருப்பீர்கள், அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "போக வர எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு, சார். இன்றைக்கு ஏறினால் பதின்மூன்று."

"மைல் கணக்கு வைத்திருக்கிறீர்களா?"

"மைலா? நான் என்ன லாரியா ஓட்டுகிறேன்?"

இருவரும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு மறக்கிற விஷயம் அல்ல இது. பன்னிரண்டு தடவை கடல் கடந்த மனிதர் அவர். ஒவ்வொரு தடவையும் அவர் பெயரில் சேர்ந்திருக்கக்கூடிய ஒன்று சேரவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அது என்ன மைல்?

மளிகைக் கடையில் சாமான் வாங்கினால் கூப்பன் தருவார்கள். கூப்பன் நிறையச் சேர்ந்தால் எவர்சில்வர் பாத்திரம் கிடைக்கும். வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போகாமல் இருக்கக் கடைக்காரர் செய்யும் யுக்தி அது.

விமானக் கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. நீங்கள் பறக்கும் தூரத்துக்கோ, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்கோ ஏற்றபடி உங்கள் பெயரில் புள்ளி எழுதுகிறார்கள். அதற்கு 'மைல்' என்று பெயர். மைல் போதுமான அளவு சேர்ந்தால் டிக்கெட் கட்டணமே இல்லாமல் பறக்கலாம். வரியும் சில கட்டணங்களும் மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும்.

1981 மே மாதம் 'அமெரிக்கன் ஏர்லைன்ஸ்' கம்பெனி இதைப் பெரிய அளவில் தொடங்கியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. ஏர் இந்தியா 'பிளையிங் ரிட்டர்ன்ஸ்' என்ற பெயரில் நடத்திய திட்டத்துக்கு 2025இல் 'மகாராஜா கிளப்' என்று பெயர் மாறியது. 2024இல் இண்டிகோவும் ஒரு திட்டம் தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திட்டத்துக்குக் 'கிரிஸ்பிளையர்' என்று பெயர். துபாயின் எமிரேட்ஸ் திட்டத்துக்கு 'ஸ்கைவார்ட்ஸ்' என்று பெயர்.

இவற்றில் சேரக் காசு வேண்டாம். பெயர் கொடுத்தால் போதும்.

கணக்குப் போடுவோம்

'அப்படியானால் நம் சிங்கப்பூர் அண்ணன் இந்நேரம் ஓசியில் பறந்திருப்பாரே!' என்று நினைக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 1,800 மைல். மேற்கே துபாயும் ஏறக்குறைய அதே 1,800 மைல்தான்!

பறந்த தூரம் முழுவதற்கும் மைல் கிடைத்தால், ஒரு முறை ஊருக்கு வந்து திரும்பினால் 3,600 சேரும். ஆனால் நம்மவர்கள் வாங்குவது மிக மலிவான டிக்கெட். மலிவு டிக்கெட்டுக்கு மைலும் குறைவு. சில டிக்கெட்டுக்கு ஒன்றுமே கிடையாது. பாதி கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 1,800தான்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு வழி இலவச இருக்கைக்கே பத்தாயிரத்துக்கும் மேல் மைல் கேட்கிறார்கள்.

'பரவாயில்லை, மெதுவாகச் சேரட்டும்' என்கிறீர்களா? அங்கேதான் முட்டுக்கட்டை இருக்கிறது. கிரிஸ்பிளையர் மைலுக்கும் ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கும் ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் செலவழிக்காவிட்டால் அழிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறவருக்கு மூன்று வருஷத்துக்குள் எத்தனை பயணம் அடங்கும்? மிஞ்சிப் போனால் இரண்டு. முழு மைல் கிடைத்தாலும் 7,200. பாதி கிடைத்தால் 3,600. மூன்றாவது பயணம் வருவதற்குள் முதல் பயணத்தின் மைல் செத்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்!

வாரம் ஒரு தடவை பறக்கும் கம்பெனி அதிகாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. டிக்கெட் பணம் கம்பெனியுடையது. மைல் அவருடையது. அந்த மைலில் அவர் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகிறார். கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவருக்கோ ஒன்றும் இல்லை.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டும் என்றுதான் சொல்வேன். இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்? ஆனால் ஓசி டிக்கெட் கனவோடு சேராதீர்கள். சில்லறைச் சலுகைக்காகச் சேருங்கள். சேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, பெயர். நம்மில் பாதிப் பேருக்கு மைல் தவறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் 'கந்தன் முத்து' என்று இருக்கும். ஏஜெண்ட் டிக்கெட்டில் 'முத்து கந்தன்' என்று போடுவார். மைல் கணக்கில் நீங்கள் 'மு. கந்தன்' என்று எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு ஒரே ஆள். கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்! ஆகவே, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எங்கும் எழுதுங்கள்.

இரண்டாவது, உரிமை. பெரும்பாலும் மைல் டிக்கெட் வாங்கியவருக்கு அல்ல, பறந்தவருக்குத்தான். முதலாளி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் மைலை நீங்கள் கேட்கலாம். கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, எண். கணக்குத் திறந்ததும் ஓர் எண் தருவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே அதைச் சேர்க்கும்படி ஏஜெண்டிடம் சொல்லுங்கள். அவர் மறந்திருந்தால் விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் சொல்லுங்கள்.

நான்காவது, சீட்டு. விமானம் ஏறக் கொடுக்கும் அட்டையை இறங்கியதும் கிழித்துப் போடாதீர்கள். மைல் சேராவிட்டால் அதுதான் சாட்சி. பறந்த பிறகும் கேட்டு வாங்க அவகாசம் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆறு மாதம் வரை தருகிறது.

ஐந்தாவது, கூட்டணி. பத்துக் கம்பெனியில் பத்துக் கணக்கு வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஏர் இந்தியாவும் 'ஸ்டார் அலையன்ஸ்' என்ற ஒரே கூட்டணியில் இருக்கின்றன. ஏர் இந்தியா அதில் சேர்ந்தது 2014இல். ஒன்றில் பறந்த மைலை மற்றதன் கணக்கில் சேர்க்கலாம். டிக்கெட்டின் வகை அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, குடும்பம். தனி மரம் தோப்பாகாது. எமிரேட்ஸ் திட்டத்தில் தலைவர் ஒருவரும் குடும்பத்தார் ஏழு பேர் வரையும் ஒரே உண்டியலில் மைல் போடலாம். அண்ணன் துபாயிலும் தம்பி அபுதாபியிலும் இருந்தால், இருவரும் அதே விமானத்தில் வந்து போனால், இருவர் மைலும் ஒன்றாகும். ஒருவரால் எட்ட முடியாததை இருவர் எட்டலாம்.

ஏழாவது, செலவு. மூன்று வருஷம் முடியப் போகிறதா? உள்ளதைச் செலவழித்துவிடுங்கள். ஒரு பகுதி பணம், ஒரு பகுதி மைல் என்று டிக்கெட் எடுக்கக் கம்பெனிகள் இடம் தருகின்றன. கூடுதல் சாமான் கட்டணத்துக்கும் சில இடங்களில் மைல் ஏற்கிறார்கள். பிள்ளைகளுக்குத் துணிமணி, வீட்டுக்குச் சாமான் என்று பெட்டி கனத்துப் போய் விமான நிலையத்தில் தவிக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சில்லறையே பெரிய உதவி.

மலைக்கு எதற்கு இந்தப் பேச்சு?

'கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுகிறவருக்கு விமான மைல் எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம்.

கள்ளக்குறிச்சியில் விமான நிலையம் இல்லைதான். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019இல்தான் தனி மாவட்டமே ஆயிற்று. ஆனால் பக்கத்துச் சேலத்துக்குக் காமலாபுரத்தில் 2023இல் மீண்டும் விமானம் வந்தது. மலையிலிருந்து கேரளத்துத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். நாளை அவர்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் போய் விமானம் ஏறுவார்கள்.

இந்த விண்ணப்பம் பெரிய வித்தையல்ல. வெள்ளிமலைப் பக்கத்து உறைவிடப் பள்ளியில் படிக்கும் பெண் அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்போனில் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடுவாள். அப்பாவுக்கு எழுதத் தெரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் போதும்.

மோசம் போகாதீர்கள்

மைல் பணம் அல்ல. பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. மைலுக்கு வட்டி இல்லை. இத்தனை மைலுக்கு ஒரு டிக்கெட் என்று இன்று சொல்கிற கம்பெனி, நாளை அதைக் கூட்டிவிடலாம். கம்பெனியே மூடினாலும் மூடலாம்.

2012இல் கிங்பிஷர் விமானங்கள் நின்றன. புள்ளி சேர்த்தவர்களுக்கு ஏறிப் பறக்க விமானமே இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அதன் புள்ளிகள் வேறு பெயரில் பிழைத்தன. ஆனால் ஜெட் விமானம் பறக்கவில்லை. 2024 நவம்பரில் விஸ்தாரா கம்பெனி ஏர் இந்தியாவோடு இணைந்தபோது மட்டும் புள்ளிகள் ஏர் இந்தியாவுக்கு மாறின. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஆகையால் மைலுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஒரு விமானத்தில் டிக்கெட் மூவாயிரம் ரூபாய் குறைவு, மைல் இல்லை. இன்னொன்றில் மூவாயிரம் அதிகம், மைல் உண்டு. எதில் ஏறுவது? குறைந்ததில்தான்! மூவாயிரம் ரூபாய் கையில் இருந்தால் அது என்றும் அழியாத மைல்.

மைல் தருகிறேன் என்று கடன் அட்டை விற்கிறவர்களிடமும் ஜாக்கிரதை. அட்டைக் கடனைத் தவணை தவறாமல் முழுவதும் கட்ட முடியாதவருக்கு அந்த மைல் விஷம். வட்டி மைலைத் தின்றுவிடும். வீட்டையும் தின்னப் பார்க்கும்.

'உங்களுக்கு மைல் பரிசு விழுந்திருக்கிறது. போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்' என்று யாராவது பேசினால், பேச்சை உடனே துண்டித்துவிடுங்கள்.

கம்பெனிகளுக்கு மூன்று வார்த்தை

பிரயாணிகளுக்கு இவ்வளவு சொன்னோம். கம்பெனிகளுக்கும் சொல்ல வேண்டும்.

ஒன்று: விதிகளைத் தமிழிலும் அச்சிடுங்கள். சென்னையிலும் திருச்சியிலும் விமானம் ஏறும் தொழிலாளி தமிழ் படிக்கிறவர். டிக்கெட் பணம் வாங்கும்போது அவர் மொழி உங்களுக்குத் தடையாக இல்லை. சலுகை கொடுக்கும்போது மட்டும் ஏன் தடையாக வேண்டும்?

இரண்டு: டிக்கெட் விற்கும் ஏஜெண்ட், 'மைல் கணக்கு இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதைக் கேட்கும்படி நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.

மூன்றுதான் முக்கியம்: மூன்று வருஷ ஆயுளை ஐந்து வருஷமாக்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் பார்க்கும் மனிதர் அடிக்கடி பறக்காதது அவர் குற்றம் அல்ல. முதலாளி லீவு கொடுத்தால் அவர் மாதா மாதம் வருவார். மாதா மாதம் மனைவி மக்களைப் பார்ப்பவரைவிட, இரண்டு வருஷம் காத்திருந்து உங்கள் விமானத்தையே தேடி வருகிறவர் எந்த வகையில் மட்டமான வாடிக்கைக்காரர்?

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நள்ளிரவில் போன் வரும். அன்றைய டிக்கெட் விலை அவரது ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கலாம். கணக்கில் உயிரோடு ஐந்து வருஷ மைல் இருந்தால், டிக்கெட்டில் ஒரு பங்காவது அது தாங்கும். அவர் கேட்பது உல்லாசப் பயணம் அல்ல. முகம் பார்க்க ஒரு வழி.

அன்று சென்னை பஸ் வந்து நின்றது. அந்த அண்ணன் பெட்டியைத் தூக்கினார். நான் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். 'பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி. எண், டிக்கெட்டில்.'

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நான்காக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"பதின்மூன்றாவது தடவையாவது எழுதட்டும், சார்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.