தேதியைப் பார்த்தீரா?

அடுப்பங்கரையிலே அழுகிய முட்டைக்கோசு நாற்றமா? உஷார், தோழர்களே! சமையல் வாயுவுக்கு இயல்பிலே மணமில்லை; கசிந்தால் தெரியட்டுமென்றே மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றினும் கனத்தது அது. தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கும். விளக்குச் சுவிட்சின் சிறு பொறி போதும், வீடே பற்றும். தொடாதீர்! ரெகுலேட்டரை மூடுக, கதவு சன்னலைத் திறந்துவிடுக, பிள்ளைகளோடு வெளியேறி 1906-ஐ அழைத்திடுக. தீ பற்றிவிட்டதெனில் 101.

கொடிக்கயிற்றின் வலுவைக் கூட்டத்துக்குக் கூட்டம் சோதிக்கிறோம் நாம். அடுப்புக்குச் செல்லும் ரப்பர்க் குழாயை? அதன் ஆயுள் ஐந்தாண்டு. தேதியும் அதன்மேலேயே அச்சாகியிருக்கிறது. கூலிக்காரன் வீட்டிலே அந்தச் செலவும் சுமைதான், மறுக்கவில்லை நாம். ஆகவே கேட்கிறோம்: உழைப்பாளர் குடியிருப்புகளிலே காலாவதியான குழாய்களை வாயு நிறுவனங்களே விலையின்றி மாற்றித் தந்தாலென்ன?