நாய்க்குத் தமிழ்ப்பெயர் இழிவாமோ?

கடந்த கோடை விடுமுறையில், முன்னாளில் என்னிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் தம் மகனோடு என் இல்லம் போந்தார். சிறுவன் கையில் ஒரு கருநிற நாய்க்குட்டி. தென்பாண்டி நாட்டுக் கன்னி வகையினது. “ஐயா, இதற்கொரு பெயர் வேண்டும். பெயர் ஈரசையில் அமைய வேண்டும், ஈற்றெழுத்து நீண்டொலிக்கும் உயிராக இருக்க வேண்டும், இகரமாயின் இன்னும் நன்று என்று நாய் பழக்குவோர் சொல்கின்றனர். அத்தகைய பெயர் தமிழில் உண்டா? இல்லையேல் ‘சிம்மி’ என்றே அழைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில்” என்றார்.

யான் விடை சொல்லுமுன், உடனிருந்த புலவர் ஒருவர் குறுக்கிட்டார். நம் இயக்கத்தில் நெடுநாள் உழைத்த நண்பர் அவர். “நாய்க்கா தமிழ்ப்பெயர்? வேண்டவே வேண்டா! ஆங்கிலப் பெயரே இருக்கட்டும். நாய்க்கு அது போதும். நம் தாய்மொழியை நாயின் கழுத்தில் கட்டாதீர்!” என்றார்.

அன்பர்களே, இவ்விரு கூற்றையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர், தமிழால் இயலுமோ என்று ஐயுற்றார். மற்றொருவர், தமிழுக்கு அது தகாது என்று தடுத்தார். முன்னது அறியாமையால் வந்தது. பின்னது பற்றினால் வந்தது. ஆயின் இரண்டும் சென்று சேரும் இடம் ஒன்றே: குட்டி ‘சிம்மி’ ஆகிவிடும்! பகைவர் செய்யும் கேட்டினும் நம்மவர் பற்றின் பெயரால் செய்யும் கேடு நுண்ணியது. ஆகலின் இருவர்க்கும் விடை கூறக் கடமைப்பட்டேன்.

முதற்கண் ஈற்றெழுத்தைக் காண்போம். பெயர் என்பது எழுதி வைப்பதற்கு மட்டும் உரியதன்று, கூப்பிடுவதற்கும் உரியது. அதிலும் நாயின் பெயருக்குக் கூப்பிடுதலையன்றி வேறு பயனே இல்லை. பெயர் கூப்பிடுங்கால் எவ்வாறு திரியும் என்பதனை ஆராய்ந்து, அதற்கென்றே ‘விளிமரபு’ என ஓர் இயலைச் சொல்லதிகாரத்துள் வகுத்தவர் தொல்காப்பியர். அவ்வியல் முழுவதும் எதனை அடிப்படையாகக் கொண்டது? ஈற்றெழுத்தையே! இகரத்தில் முடியும் பெயர் ஈகாரமாக நீளும். நம்பி ‘நம்பீ’ ஆவான். ஐகாரம் ‘ஆய்’ எனத் திரியும். அன்னை ‘அன்னாய்’ ஆவாள். ‘அன்’ ஈறு ‘ஆ’ ஆகும். சோழன் ‘சோழா’ ஆவான். அஃறிணைப் பெயர்களோ ஏகாரம் பெறும். நரி ‘நரியே’ ஆகும், முயல் ‘முயலே’ ஆகும். அம்மட்டோ? தொலைவில் நிற்பாரை அழைக்குங்கால் பெயர்கள் தத்தம் அளவு கடந்து நீண்டொலிக்கும் என்பதனையும் அவர் கூறாது விடவில்லை. நாய் பழக்குவோர் இன்று புதிதாய்க் கண்டதுபோற் சொல்லும் செய்தி, நம் முதுநூலில் நெறியாகவே நிற்கின்றது.

எவ்வெழுத்து நீளும், எவ்வெழுத்து நீளாது என்பதும் நம் இலக்கணத்தார் அறிந்ததே. உயிர் அளபெடுக்கும். மெய்களுள் அளபெடுப்பன மெல்லினம் ஆறும், இடையினத்துள் வ, ய, ல, ள என்னும் நான்குமே என்கின்றது நன்னூல். வல்லினத்தில் ஒன்றும் இல்லை. ‘க்’ என்பதனை நீட்டி ஒலித்துப் பாருங்கள்; தொண்டை அடைக்குமேயன்றி ஒலி செல்லாது. இதனாலன்றோ வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் ஈற்றில் நிற்பதில்லை! உயிர் பன்னிரண்டு, மெய் பதினொன்று, குற்றியலுகரம் ஒன்று என மொழியிறுதி எழுத்துகள் இருபத்து நான்கென்று நன்னூலார் எண்ணிக் காட்டினார். அவ்விருபத்து நான்கும் வாய்க்கு எளியன, செவிக்கு இனியன.

இனி, நம் தெருக்களில் ஒலிக்கும் அயற்பெயர்களை இவ்வளவுகோலால் அளப்போம். ‘மாக்சு’ என்று நாம் உகரம் கூட்டி எழுதுகின்றோம். அவ்வுகரத்தை நீக்கினால் அப்பெயர் தமிழ் நாவில் நில்லாது. ‘சாக்கு’ என்று ஒரு நாயை அழைக்கின்றனர். கேட்பார்க்கு நெல் கட்டும் கோணிதான் நினைவிற்கு வரும். ‘டாமி’ என்பதன் ஈறு இகரம். அது நம் நெறிக்கு ஒத்ததே. ஆயின் டகரம் தமிழில் மொழிமுதல் வாராது. வால் தமிழ் வால், தலை அயற்றலை! ‘டாமீ’ என்று நீட்டி அழைக்கும் நம் வீட்டுப் பெண்மணி, தாம் அறியாமலே தொல்காப்பியர் விதித்த விளியைத்தான் கையாளுகின்றார். இலக்கணம் நம்முடையது, பெயர் மட்டும் பிறருடையது. இதனினும் நகைப்பிற்கிடமானது உண்டோ?

வெள்ளையன் தன் நாயைத் தன் மொழியால் அழைத்தான். அது பிழையன்று, அஃது அவன் மொழி. அவன் ஆட்சி 1947-இல் அகன்றது. ஆனால் அவன் தன் நாயை அழைத்த குரல் மட்டும் நம் முற்றத்தில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பெயரோடு நின்றதா? வருக என்பதற்கும் அமர்க என்பதற்கும் ஆங்கிலமே பேசுகின்றனர். தமிழின் ஏவல் வினைகளை எண்ணிப் பாருங்கள்: வா, போ, நில், இரு, கிட, எடு, விடு! ஓரசையும் ஈரசையுமாய், வேர்ச்சொல்லே ஏவலாய் நிற்கும் இத்துணைக் கூர்மையை விடுத்து இரவல் வாங்குவானேன்? ஏவுதற்கு ஆங்கிலமே ஏற்றது என்று வீட்டுப் பிள்ளை நாயின் வாயிலாகக் கற்றுக்கொள்கின்றான் என்பதனை மறவாதீர்கள். நாய் எம்மொழியையும் கற்கும்; அதற்கு இழப்பு ஒன்றுமில்லை. இழப்பு அப்பிள்ளைக்கே.

இனி என் புலவர் நண்பர்க்கு வருகின்றேன். தமிழ்ப்பெயரை நாய்க்கு இடுதல் தமிழுக்கு இழிவு என்பது அவர் கட்சி. ஐய! உம்மினும் தமிழ்ப்பற்று மிக்க நம் முன்னோர் அங்ஙனம் கருதினாரல்லர்.

சிறுபாணாற்றுப்படையை நினைவு கூர்க. மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்பதே பெயர். வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். வள்ளலும் அவன் ஊர்ந்த குதிரையும் ஒரு பெயரால் வழங்கப்பட்டனர். அதனால் காரி சிறுமையுற்றானா? ஓரியின் வில் வளைந்ததா?

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குச் செல்க. அங்கே பல்லவன் மகேந்திரவருமன் காலத்து, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த நடுகல் ஒன்று உண்டு. தன் எருமைகளின்பொருட்டுப் பொருது வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் மறவனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவின் அருகே அவன் நாயின் உருவும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயரையும் கல்லிற் பொறித்தனர். கோவிவன் என்பது அப்பெயர். ஈற்றெழுத்தைப் பாருங்கள்: னகர ஒற்று! அழைத்தால் ‘கோவிவா’ ஆகும். விளியின் முடிவிலேயே ‘வா’ என்னும் ஏவலும் வந்து நிற்கும் அழகைக் காண்க. ஓராயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய இனத்தில் பிறந்தோம். இன்று அதனை வாயால் சொல்லக் கூசுகின்றோம்!

இலக்கணமும் நண்பர்க்குத் துணை நில்லாது. சாத்தன் என்பது இருதிணைக்கும் பொதுவான பெயர் என்றும், சாத்தன் வந்தான் எனின் மகன், சாத்தன் வந்தது எனின் எருது என்றும் நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகின்றோம் அல்லமோ? விலங்கோடு பெயரைப் பகிர்தல் இழிவெனின், விரவுப்பெயர் என்றொரு பகுப்பே தோன்றியிராது. நாயை இழிந்தது என்பவர் நாலடியாரை மீண்டும் ஒருமுறை ஓதுக. பழகிய பாகனையே யானை கொல்லும். தலைவன் எறிந்த வேல் தன் உடலில் நிற்கவும் அவனைக் கண்டு நாய் வால் குழைக்கும் என்று, நட்பிற்கு நாயையன்றோ அந்நூல் உயர்த்திப் பேசிற்று!

இன்னொன்று. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பன நம் ஊர்ப்பெயர்கள்; அவையே நாய் வகைகளின் பெயர்களுமாயின. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டில் இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, ஊருக்கு இழிவு வந்ததென்று எவரும் வருந்தவில்லை. ஊரின் பெயரை இனத்திற்குத் தாங்கும் நாய், தனக்கொரு தமிழ்ப்பெயரைத் தாங்கலாகாதோ?

நண்பர் கூற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் இடரையும் சொல்லிவிடுகின்றேன். தமிழை மேடைக்கும் பாடலுக்கும் வாழ்த்துக்கும் மட்டும் உரியதாக்கி, அடுக்களைக்கும் தொழுவத்திற்கும் நாய்க்கூட்டிற்கும் ஆகாதென ஒதுக்கினால், எஞ்சுவது வழிபடப்படும் மொழியே, வழங்கப்படும் மொழியன்று. வழக்கு ஒழிந்த மொழிகளுட் சில முதலில் இங்ஙனம் உயரத்தில் வைக்கப்பட்டவையே.

ஒரு வரம்பு மட்டும் கொள்க. பிறரை இகழும் நோக்கோடு எவர் பெயரையும் நாய்க்கு இடாதீர், அது பண்பன்று. நிறம், விரைவு, காவல், மறம் இவை குறித்த பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. இகர ஈறு வேண்டுமா? காரி, ஓரி, வெள்ளி, பொன்னி, மணி. ஐகார ஈறா? செவலை, வேங்கை. னகர ஈறா? கருப்பன், வெள்ளையன், காவலன், வேடன். உகர ஈறா? சிட்டு, முத்து. லகர ஈறா? புயல். இனத்திற்கே பெயர் தேடினும் ஞமலி, ஞாளி என்னும் பழஞ்சொற்கள் இரண்டும் இகரத்திலேயே முடிகின்றன. இன்னும் என்ன குறை?

இவையனைத்தும் கூறி முடித்தபின், அச்சிறுவன் குட்டியின் கருநிறத்தைத் தடவியவாறே, “அப்படியானால் இது காரி” என்றான். தந்தையார் முகம் மலர்ந்தார். வாயிற்படி கடந்து தெருமுனை சென்ற பின், குட்டி வேலியோரம் நின்றுவிடவே, சிறுவன் திரும்பி “காரீ!” என்று நீட்டி அழைத்தான். எவரும் அவனுக்கு விளிமரபு கற்பித்ததில்லை. குட்டி செவி நிமிர்த்து ஓடிற்று.

நண்பர் மட்டும் இன்னும் முழுதும் உடன்பட்டாரல்லர். அவர் பொருட்டும், அவரைப்போல் எண்ணுவார் பொருட்டுமே இதனை எழுதினேன். அன்பர்களே! மேடையில் தமிழை வாழ்த்துமுன், உங்கள் முற்றத்தில் கட்டியிருக்கும் நாயை ஒருமுறை தமிழில் அழைத்துப் பாருங்கள். முற்றத்தில் வாழும் தமிழே மேடையிலும் வாழும்.