தண்ணிக்கும் நிறம் சொல்லும் சூத்திரம்

கனடாவில் இருக்கும் மச்சான் வீட்டிலேயே பியர் காய்ச்சுவார். போன மாதம் ஒரு படம் அனுப்பினார். கணினி முற்கூட்டியே சொன்ன நிற எண் 7.2, அதாவது பொன்னிறம். கிளாஸில் இருந்ததோ நல்லாச் சாயம் இறங்கின பிளேன்டீ. மச்சான் சொன்னார்: "கணக்குப் பிழைக்காது. நான்தான் எங்கயோ பிழை விட்டிட்டன்."

எனக்குக் கோபம் பியரோட இல்லை, அந்த வசனத்தோட.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மோல்ட்டுக்கும் லோவிபொண்ட் என்று ஒரு நிற அளவு உண்டு. எத்தனை இறாத்தலோ அதை அந்த அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கலனால் வகுக்க வேண்டும். 2 அளவுள்ள வெளிர் மோல்ட் 10 இறாத்தல். 60 அளவுள்ள கிறிஸ்டல் மோல்ட் அரை இறாத்தல். பியர் 5 அமெரிக்கக் கலன். 20உம் 30உம் 50. ஐந்தால் வகுத்தால் 10. இதுவரை சின்னப் பிள்ளையும் செய்யும்.

இனித்தான் கூத்து. இந்தப் பத்தை எஸ்ஆர்எம் என்ற நிற எண்ணாக மாற்ற மூன்று சூத்திரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மோரியைக் கேட்டால் 7.2. மோஷரைக் கேட்டால் 7.7. டானியல்ஸைக் கேட்டால் 10.4. ஒரே தானியம், மூன்று நிறம். டானியல்ஸின் சூத்திரம், அந்தப் பத்தை 0.2ஆல் பெருக்கி 8.4ஐக் கூட்டு என்கிறது. அப்படியென்றால் ஒரு மணி தானியமும் போடாத பச்சைத் தண்ணிக்கும் நிறம் 8.4!

டானியல்ஸ் மடையர் இல்லை. கடும் நிற பியர்களுக்கு ஓரளவு பொருந்துகிற ஒரு நேர்கோடு அது. மோரியுடையது ஒரு வளைகோடு. இரண்டும் பொருத்தம் பார்த்துக் கீறிய கோடுகள்தான். கோட்டைச் சட்டமாக்கினது நாங்கள்தான்.

சூத்திரத்துக்குத் தெரியாதது எவ்வளவோ. நீங்கள் ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்தீர்களா, இரண்டா என்று அது கேட்காது. கூடக் கொதித்தால் நிறம் கடுக்கும். ஒரே பெயருள்ள மோல்ட்டும் சாக்குக்குச் சாக்கு மாறும். எஸ்ஆர்எம் அளக்கப்படுவதே 430 நனோமீற்றர் என்ற ஒரேயொரு அலைநீள ஒளியில். ஒன்று செம்மையாகவும் மற்றது மண்ணிறமாகவும் இருக்கிற இரண்டு பியருக்கும் ஒரே எண் வரலாம். லோவிபொண்ட் என்ற ஆங்கிலேய பியர் உற்பத்தியாளர் 19ஆம் நூற்றாண்டில் நிறக் கண்ணாடிகளைப் பியருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் தன் அளவைத் தொடங்கினார். இவ்வளவு எண்களுக்கும் வேர் ஒரு மனிதக் கண்.

"அப்ப கணக்கே வேண்டாமா? கலைப்பீடத்து ஆக்கள் இப்பிடித்தான்" என்பீர்கள். வேணும். அரை இறாத்தல் கிறிஸ்டல் போடுவதா, ஒரு இறாத்தலா என்று முடிவெடுக்க அது உதவும். ஆனால் 7.2இல் இருக்கிற அந்த .2 அறிவு இல்லை, அலங்காரம்.

இதை ஏன் இவ்வளவு சூடாகக் கதைக்கிறேன்? இசட் ஸ்கோரின் நாலாம் தசமத்தில் வாழ்க்கை தொங்கின ஆக்கள் நாங்கள். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை கீழே நின்ற என் சிநேகிதியும் "நான்தான் எங்கயோ பிழை விட்டிட்டன்" என்றுதான் அழுதாள். தசமப் புள்ளியைக் கண்டதும் எங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளப் பழகிவிட்டோம்.

மச்சான், அடுத்த முறை கணினி சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் கிளாஸில் கண்டதையும் எழுதி வையுங்கோ. அஞ்சாறு தரம் காய்ச்சினால் உங்கட அடுப்பும் பானையும் எவ்வளவு கடுக்கவைக்கும் என்று பிடிபடும். அதுக்குப் பிறகு திருத்த வேண்டியது சூத்திரத்தை, உங்களை இல்லை.