செயற்கைக்கோளுக்குத் தமிழ் தெரியாதா?



"அறிவியலை ஆங்கிலத்தில் படித்தால்தான் பிள்ளைகள் நாளை செயற்கைக்கோள், பருவநிலை மாற்றம் என்றெல்லாம் பேச முடியும்." இருமொழிப் பாடத்திட்டத்தை (டி.எல்.பி.) விரும்பும் பெற்றோர் முன்வைக்கும் வாதம் இது. இதற்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிலரும் தலையாட்டுவதுதான் வேதனை!

அவர்கள் காட்டும் செயற்கைக்கோளைக் கொண்டே இவ்வாதத்தைச் சோதிப்போம்.

2015ஆம் ஆண்டில் புகைமூட்டத்தால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகள் மூடப்பட்டன. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் பற்றிய தீயைத் 'தெரா', 'அக்குவா' முதலான செயற்கைக்கோள்கள் வானிலிருந்து கண்டன. எரியும் நிலம் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து, அவ்விடத்தை 'வெப்பப்புள்ளி' எனக் குறிப்பதே முறை. அடர்ந்த மேகமோ புகையோ மறைத்தால் புள்ளி தெரியாது. ஆகவே, புள்ளி குறைந்த நாளில் தீயும் குறைந்தது என்று முடிவு கட்டலாகாது. பல்லாண்டுகளாய் முழுதும் மக்காமல் சேர்ந்த சதுப்பு மண் எரியும்போது வெளியேறும் கரியமில வாயு புவியை மேலும் சூடாக்குகிறது. இவற்றுள் எது தமிழுக்குள் அடங்காதது?

கடல்மட்டத்தை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரம் கணக்கிடப்படுகிறது. 1993 முதல் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதை இவ்வாறே அறிந்தோம். தாழ்வான கிள்ளான் கரையோர மக்களுக்கு இஃது அயல்நாட்டுச் செய்தியன்று. நேரம், வேகம், தொலைவு ஆகியவை நம் பாடங்களிலேயே உள்ளன.

2009 ஜூலையில் ஏவப்பட்ட நம் நாட்டின் 'ராசாக்சாட்' ஏன் நிலநடுக்கோட்டையொட்டிச் சுற்றியது? மேகம் மிகுந்த நம் வட்டாரத்தை அடிக்கடி கடந்தால்தான் தெளிந்த படம் கிட்டும் வாய்ப்புக் கூடும். இவ்விடையைக் காணத் தேவைப்படுவது சிந்தனை. அது புரிந்த மொழியில்தான் பிறக்கும்.

ஆங்கிலம் வேண்டாமென எவரும் கூறவில்லை. ஆங்கிலப் பாடத்தில் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பிப்போம். 2003இல் இதே வாதத்தோடு வந்த ஆங்கிலவழி அறிவியல், கணிதத் திட்டத்தைக் கைவிட 2009இல் அரசே முடிவெடுத்ததே! அதன்பின்னும் 2016 முதல் அதே கதவை நாமே திறந்துவிடுவது முறையா?

ஆசிரியர்களே, 1972 முதல் சேர்ந்துவரும் 'லேண்ட்சாட்' படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அம்பாங் மலைச்சரிவுகளின் அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் வகுப்பில் அருகருகே வையுங்கள். பச்சை எங்கே சுருங்கியது என்று மாணவர்களே தமிழில் எழுதட்டும்.

பெற்றோர்களே, ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், புகைமூட்டம் ஏன் வருகிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். எம்மொழியில் தடையின்றி விளக்கம் வருகிறதோ, அம்மொழியில் அறிவியல் கற்கும் உரிமையைப் பறிக்காதீர்கள்!