ஒளிரும் சாயமும் கல்லூரி ஆய்வுக்கூடமும்

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுவோர், சிவப்பு வேண்டிய இடங்களில் முதலில் படிகார நீரையே தீட்டுகின்றனர். பின்னர்த் துணி, மஞ்சிட்டி முதலிய சாயம் கலந்த நீரில் கொதிக்க வைக்கப்படுகிறது. படிகாரம் உள்ள இடத்தில் நிறம் நிலைக்கிறது. ஏனைய இடங்களில் ஒட்டியது ஓடும் நீரில் அலச அலச நீங்குகிறது. உயிரணுவினுள் ஒரே ஒரு புரதத்தை மட்டும் ஒளிரச் செய்யும் இக்கால ஆராய்ச்சி முறையும் ஏறத்தாழ இந்நெறியில் அமைந்ததே.

உயிரணுவில் பல்லாயிரம் வகைப் புரதங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பின்தொடர வேண்டுமாயின், அதற்கு அடையாளம் இட வேண்டும். 1941ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் கூன்ஸ், ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளுடன் பிணைத்து வழிகாட்டினார். பிற்காலத்தில் ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதம் பெரும்புகழ் எய்தியது. 2008இல் அவ்வாராய்ச்சிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எனினும் அதுவே 238 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதம். தன்னைச் சுமக்கும் புரதத்துக்குச் சில வேளைகளில் பெருஞ்சுமையாகிறது. புளோரசீன் என்னும் சாய மூலக்கூறோ, எடையில் அதன் எண்பதில் ஒரு பங்கே. 1998இல் ரோஜர் சியென் குழுவினர், நான்கு சிஸ்டீன்கள் கொண்ட ஒரு சிறு துண்டைப் புரதத்தில் சேர்த்து, அதனைப் பற்றும் சாயத்தை உயிருள்ள அணுவினுள் செலுத்திக் காட்டினர். பற்றிய பின்னரே அச்சாயம் ஒளிர்ந்தது. அத்துண்டே இங்குப் படிகாரம்.

1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் திருப்பதியில் உள்ளது. இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் 2015இல் தொடங்கப்பெற்று, ஸ்ரீகாளஹஸ்திக்குச் செல்லும் வழியில் ஏர்ப்பேட்டை அடுத்து அமைந்துள்ளன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபின், இவை யாவும் சித்தூர் மாவட்டத்துக்கு வெளியே சென்றுவிட்டன. மாவட்ட எல்லை மாறியதால் மாணவனுக்கு வழி நீண்டுவிடவில்லை. விலையுயர்ந்த நுண்ணோக்கி வந்து சேரும்வரை கல்லூரிகள் கைகட்டி இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவனுக்குத் தடை.

அவ்வெண்ணம் பொருந்தாது. தாலிக் அன்ஹைட்ரைடையும் ரிசார்சினாலையும் சேர்த்துச் சூடேற்றிப் புளோரசீனை 1871இலேயே பேயர் ஆக்கினார். இன்று அது எளிய கல்லூரிச் செய்முறை. அதன் ஐசோதயோசயனேட் வடிவத்தை மட்டும் விலைகொடுத்து வாங்கினால் போதும். அது புரதத்தின் லைசீன்களோடு தானே பிணையும். முட்டை வெண்கருவின் அல்புமினில் அதனை ஏற்றி, பிணையாத சாயத்தைச் சவ்வூடு பிரித்து நீக்கும் பயிற்சி சித்தூரிலேயே நடைபெறலாம். நுண்ணோக்கி வேலைக்கு மட்டும் ஏர்ப்பேடு சென்றால் போதும். இதற்குப் பெரிய நிலையங்கள் மாதத்தில் சில நாட்களையேனும் ஒதுக்குதல் கடமை.

இதினும் முக்கியமானது ஒன்று உண்டு. அழகிய படம் எளிதில் ஏமாற்றும். ஒரு புரதத்தில் சாயம் அளவுக்கு மீறி ஏறினால் ஒளி கூடுவதற்கு மாறாகக் குன்றும். புரதத்தின் செயலும் கெடலாம். கொழுப்புச் சவ்வுகளில் வெறுமனே ஒட்டிய சாயம், தேடிய புரதமே அங்கிருப்பது போலத் தோற்றும். ஆதலின், அடையாளத் துண்டு சேர்க்கப்படாத அணுக்களையும் அதே சாயத்தில் ஊறவைத்து, அதே அளவு அலசி, அதே ஒளியில் எடுத்த படம் உடன் இல்லாத மாணவர் அறிக்கையை ஆசிரியர் திருப்பி அனுப்புவதே முறை.