மின்சாரக் காரின் தேய்மானக் கணக்கு

மின்சாரக் கார் வாங்கக் கடன் கோரி வரும் வாடிக்கையாளர்கள் பலரிடம் ஒரு கணக்கு ஆயத்தமாக இருக்கும். பெட்ரோலுக்கு மாதம் இவ்வளவு செலவாகிறது, மின்சாரத்திற்கு இவ்வளவே ஆகும், மிச்சமாகும் தொகை மாதத் தவணையில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் என்பதே அது. அக்கணக்கு தவறானதன்று, ஆனால் முழுமையானதும் அன்று. வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் தேய்மானம் என்ற சொல் அதில் விடுபட்டிருக்கிறது. ஏட்டில் எழுதும் தேய்மானத்தை மட்டும் நாம் குறிப்பிடவில்லை. சாலையில் நாள்தோறும் நிகழும் டயர்த் தேய்மானத்தையும் சேர்த்தே கூறுகிறோம்.

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் மாற்றும் செலவு இல்லை. பிரேக் கட்டைகளும் நெடுங்காலம் உழைக்கின்றன. டயர்களின் நிலை வேறு. பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ எடை கொண்டது. மோட்டாரோ, மிதித்த நொடியிலேயே முழு இழுவிசையையும் சக்கரத்திற்குத் தந்துவிடுகிறது. இவ்விரு காரணங்களால் மின்சாரக் காரின் டயர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைவாகத் தேயக்கூடும் என டயர் உற்பத்தியாளர்களே கூறுகின்றனர். புதிய டயர் வாங்கும் வேளையில் நம்மில் பெரும்பாலோர் முதலில் கேட்பது விலையைத்தான். குறைந்த விலையே சிக்கனம் என்னும் அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால், கிலோமீட்டருக்கு மின்செலவு 1 ரூபாய் 20 காசு. டயர் ஒன்று 9,000 ரூபாய் வீதம் நான்கிற்கு 36,000 ரூபாய். அவை 30,000 கிலோமீட்டர் உழைத்தால், டயர்ச் செலவும் அதே 1 ரூபாய் 20 காசுதான். மின்சாரத்திற்கு இணையாகப் பணத்தை விழுங்கும் ஒன்றை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இனி, 7,000 ரூபாய் டயரை வாங்கி 8,000 ரூபாய் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அது 20,000 கிலோமீட்டரில் தேய்ந்து, மின்செலவையும் 5 விழுக்காடு கூட்டினால், கிலோமீட்டருக்கு 26 காசு கூடுதலாகும். முப்பதாயிரம் கிலோமீட்டரில் இழப்பு 7,800 ரூபாய். மிச்சம் பிடித்த தொகை முழுவதும் கரைந்து, அதற்கு மேலும் இத்தொகை கையை விட்டுப் போகும்.

பணத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று இதில் அடங்கியுள்ளது. சென்னையில் 1895-ஆம் ஆண்டிலும் கொல்கத்தாவில் 1902-ஆம் ஆண்டிலும் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கின. இரும்புத் தண்டவாளத்தின் மீது இரும்புச் சக்கரம் மிக எளிதாக உருளும். ஆனால் அதன் பிடிமானம் குறைவு. ரப்பர் டயருக்குப் பிடிமானம் மிகுதி. உருளும்போது எழும் தடையும் மிகுதி. தடையைக் குறைத்தால் ஒருமுறை சார்ஜில் கார் கூடுதல் தொலைவு செல்லும்; ஆனால் அதற்காக ஈரச் சாலையின் பிடிமானத்தை விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கும் மேலான மழையைக் கண்ட நகரம் கொல்கத்தா. நீர் தேங்கிய சாலைகளும், நனைந்தால் வழுக்கும் டிராம் தண்டவாளங்களும் உள்ள ஊரில், கூடுதலாகக் கிடைக்கும் பத்துக் கிலோமீட்டரைவிட, பிரேக் பிடித்ததும் சில அடி முன்னதாகவே கார் நிற்பது மேலானது. மழைநகரில் ஈரப் பிடிமானத்திற்கே முதலிடம் என்பது நமது உறுதியான கருத்து.

டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருப்பவற்றை வாங்குமுன் படிக்க வேண்டும். 215/60 ஆர் 16 95 எச் என்றிருந்தால், 95 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோ மட்டுமே. கார் நிறுவனம் குறிப்பிட்டுள்ள எண்ணுக்குக் குறைந்ததை எக்காரணத்தாலும் வாங்கலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு உற்பத்தி வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும்.

மின்சாரக் கார்களுக்கென்றே உருவாக்கிய டயர்களும் இந்தியச் சந்தையில் உள்ளன. அப்போலோ நிறுவனம் 2022-ஆம் ஆண்டிலேயே ஆம்பீரியான் என்ற வகையை அறிமுகப்படுத்தியது. இத்தகைய டயர்தான் வேண்டும் என்பதில்லை. உரிய அளவும் சுமைக் குறியீடும் நல்ல ஈரப் பிடிமானமும் கொண்ட வழக்கமான டயரும் போதுமானதே. பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும், விலைக்காகத் தரத்தைக் கைவிடுவதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கவை. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. அவ்வாறு மிஞ்சும் தொகையைத் தரத்தில் செலவிடுவதே அறிவுடைமை.

பழுதுபார்ப்போர் ‘பட்டன்’ எனக் கூறும் மேற்பரப்பு வரிப்பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். ஆயினும் 3 மில்லிமீட்டரை எட்டியதும், பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நன்று. மாதம் ஒருமுறை காற்றழுத்தத்தைச் சரிபார்த்தாலே தேய்மானம் கணிசமாகக் குறையும். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் டயர் மட்டும் பழுதானால் இழப்பீடு இல்லை. காருக்கும் சேதம் நேர்ந்தால் டயர் விலையில் பாதியே கிடைக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

ஆகவே, மின்சாரக் காருக்குக் கடன் வழங்கும்போதே டயர்ச் செலவையும் வாடிக்கையாளருக்கு எடுத்துரைப்பது வங்கி அலுவலர்களாகிய நமது கடமை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் 1,200 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், முப்பது மாதங்களில் 36,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். கையில் பணம் இல்லாத நிலையே தேய்ந்த டயரை இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டச் செய்கிறது. முன்கூட்டியே ஒதுக்கிய தொகை இருக்குமாயின், குடும்பத்தின் பாதுகாப்பில் பேரம் பேச வேண்டிய தேவை எவருக்கும் எழாது.